மலை பார்க்க ஊட்டிக்கு, குப்பை பார்க்க மேட்டுப்பாளையத்துக்கா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய கேலி மறுபடி கிளம்பும். மாதாமாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வேன் பிடித்து, புளிசாதம் கட்டிக்கொண்டு, இரவில் தெருவே புறப்படும். "எங்க கிளம்பிட்டீங்க?" என்று டீக்கடையில் யாராவது கேட்டால், "மேட்டுப்பாளையத்துக்குத்தான்" என்பார்கள். மேட்டுப்பாளையத்தில் ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்கும் பயணம் அது. நடுவில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அந்த மேட்டுப்பாளையம் கோவை மாவட்டத்தில், நீலகிரி மலைக்கு வாசலாக இருக்கிறது. நம் மேட்டுப்பாளையம் புதுச்சேரியின் தொழிற்பேட்டைக்கும் லாரி முனையத்துக்கும் பெயர் போனது. பக்கத்திலேயே குருமாம்பேட் குப்பைக் கிடங்கு.

அப்படி ஒரு முறை நாமும் போனோம். குன்னூரில் சிம்ஸ் பூங்காவைச் சுற்றிப் பார்த்தோம். 1874இல் வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் இளைப்பாறலுக்காகப் போட்ட பூங்கா அது. சென்னை அரசின் செயலாளராக இருந்த ஜே.டி. சிம் பெயரைத் தாங்கி நிற்கிறது. பரப்பு 12 ஹெக்டேர் அளவுதான். இன்று தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை அதைப் பராமரிக்கிறது. கோடையில் அங்கே பழக் கண்காட்சி நடக்கும். அங்கிருந்து லாம்ப்ஸ் ராக் என்னும் பாறை முனைக்குப் போனோம். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் காலடியில் பள்ளத்தாக்கு, அதற்கும் கீழே கோவைச் சமவெளி விரிந்து கிடக்கிறது.

நம்மோடு வந்த பெரியம்மா ஒருவர் நெடுநேரம் அங்கேயே நின்றார். குருமாம்பேட் கிடங்கில் பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். வேனுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டபோது அவர் சொன்னார்: "நம்ம ஊர்லயும் ஒரு மலை இருக்குது பா. தெனமும் ஏறி எறங்குறேன். ஒருநாளும் நிமிந்து ஊரைப் பாத்தது இல்ல. குனிஞ்சு குப்பையத்தான் பாத்திருக்கேன்."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஊர் வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பேச்சு நம்மை விடவில்லை. ஒரு நகரத்தில் பூங்கா எங்கே அமைகிறது, குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்பது வெறும் நகராட்சி விவகாரமா? அதில் சாதிக்குப் பங்கில்லையா? இந்த வாரம் இதைத்தான் பேச நினைக்கிறோம்.

மலைமேல் எழுந்த குரல்

நீலகிரி என்றால் நமக்குப் பூவும் குளிரும்தான் ஞாபகம் வருகிறது. நம் வரலாற்றில் அந்த மலைக்கு வேறொரு இடமும் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்த மலை அது. இரட்டைமலை சீனிவாசன் சென்னைக்கு வருமுன் கணக்கராக வேலை பார்த்ததும் அங்கேதான். 1891 டிசம்பர் 1 அன்று ஊட்டியில் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அதில் பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. பள்ளிக்கூடம் வேண்டும், உதவித்தொகை வேண்டும், படித்தவருக்கு அரசு வேலை வேண்டும், உள்ளாட்சி மன்றங்களில் இடம் வேண்டும் என்ற கோரிக்கைகள் அவற்றில் இருந்தன. பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தடையின்றித் தண்ணீர் எடுக்க வேண்டும், மற்றவர்கள் போய் வரும் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் நமக்குத் தடை இருக்கக் கூடாது என்ற கோரிக்கைகளும் இருந்தன.

இதைக் கவனிக்க வேண்டும். வயிற்றுப்பாட்டை மட்டும் கேட்டுவிட்டு நம் முன்னோர் நிறுத்திக்கொள்ளவில்லை. பொது இடத்தில் கால் வைக்கும் உரிமையையும் அதே மூச்சில் கேட்டார்கள். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் அதைத்தான் சொன்னது: பொதுத் தெரு, பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எதிலும் எவரையும் தடுக்கக் கூடாது. அரசு அதை ஏற்று ஆணை போட்டது. அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு அந்த ஆணை வரவில்லை. அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் வரைவான அரசமைப்புச் சட்டம் வந்தது. அதன் 15(2) பிரிவு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றோடு பொதுமக்கள் கூடும் இடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பூங்கா என்பது பொதுமக்கள் கூடும் இடம். ஊட்டியில் ஒலித்த குரலுக்கும் இந்தப் பிரிவுக்கும் இடையே ஏறத்தாழ அறுபது ஆண்டுப் போராட்டம் கிடக்கிறது.

சட்டம் தடுப்பதைத் தடை செய்கிறது. ஆனால் பூங்காவே இல்லாத இடத்தில் எதைத் தடுப்பது, எதை அனுமதிப்பது? நம் குடியிருப்புகள் பலவற்றில் பிரச்சினை இதுதான். யாரும் நம்மைப் பூங்கா வாசலில் நிறுத்தி விரட்டுவதில்லை. பூங்கா நம் பக்கம் வருவதே இல்லை.

லாம்ப்ஸ் ராக்கில் நின்று சமவெளியைப் பார்த்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கீழே தெரியும் அந்த மேட்டுப்பாளையத்தில்தான் நடூர் இருக்கிறது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய ஒரு நெடுஞ்சுவர் அடுத்திருந்த வீடுகளின் மேல் சரிந்து, தூக்கத்திலேயே 17 பேரைக் கொன்றது. அத்தனை பேரும் தலித் மக்கள். நம்மை ஒதுக்கி வைக்கக் கட்டிய தீண்டாமைச் சுவர் அது என்று தலித் அமைப்புகள் குரல் எழுப்பின. மேலிருந்து பார்த்தால் எல்லா ஊரும் பச்சையாக, ஒன்றாகத்தான் தெரிகிறது. இறங்கிப் போனால்தான் சுவர் யார் வீட்டுப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும்.

தண்ணீர் போனது, குப்பை வந்தது

இனி நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரியில் பூங்கா என்றால் யார் நினைவுக்கும் முதலில் வருவது பாரதி பூங்கா. ஆளுநர் மாளிகைக்கும் சட்டப்பேரவைக்கும் நடுவில், நல்ல நிழலோடு இருக்கிறது. அதன் மையத்தில் வெள்ளையாக நிற்கும் ஆயி மண்டபம் நம் அரசின் சின்னத்திலேயே இருக்கிறது. அந்த மண்டபம் ஏன் கட்டப்பட்டது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வெள்ளை நகரத்தில் குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காத காலத்தில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியின்போது, நமக்குப் பக்கத்து முத்தரையர்பாளையத்திலிருந்துதான் தண்ணீர் கொண்டுபோனார்கள். அங்கே தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய தாசி ஆயியின் கதையைக் கேட்ட பிரெஞ்சு அரசு அவள் பெயரில் மண்டபம் எழுப்பியது என்று சொல்லப்படுகிறது. இழிவாகப் பார்க்கப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் நகரத்தின் நடு மையத்தில் நிற்பது நமக்கும் பெருமைதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்தப் பக்கத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் போனது. நகரத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குக் குப்பை வந்தது. புதுச்சேரி நகராட்சி, உழவர்கரை நகராட்சி இரண்டின் குப்பையும் பல ஆண்டுகளாகக் குருமாம்பேட்டில் மலையாகச் சேர்ந்தது. தண்ணீர் கொடுத்ததற்கு அங்கே மண்டபம் எழுந்தது. குப்பையைச் சுமப்பதற்கு இங்கே என்ன கிடைத்தது? தீப்பிடித்தால் புகை, மழை பெய்தால் கருத்த கசிவுநீர், ஆண்டு முழுக்க ஈயும் நாற்றமும்.

இந்தக் குப்பையைத் தொடுகிறவர்கள் யார் என்பதையும் பேசாமல் விட முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மாநில மக்கள் 12,47,953 பேரில் பட்டியல் சாதியினர் 1,96,325 பேர். அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவர். ஆனால் தெருக் கூட்டும் வண்டியிலும், கிடங்கில் கையுறை இல்லாமல் பொறுக்கும் வரிசையிலும் ஆறில் ஒருவரா நம் ஆட்கள்? காலையில் ஒரு நாள் போய் நின்று பார்த்தால் எண்ணவே தேவை இருக்காது. நாடு முழுவதும் கழிவுநீர்க் குழாய், கழிவுத் தொட்டி சுத்தம் செய்வோரைப் பதிவு செய்யும் நமஸ்தே திட்டத்தின் விவரம் 2024இல் வெளிவந்தது. அதுவரை விவரம் எடுக்கப்பட்ட 38 ஆயிரம் பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். வேலையின் பெயர் மாறலாம், ஒப்பந்ததாரர் மாறலாம், செய்கிறவரின் சாதி மாறுவதில்லை.

மலை கரைகிறது, நிலம் யாருக்கு?

சில ஆண்டுகளாக அந்தக் குப்பை மலையைக் கரைக்கும் வேலை நடக்கிறது. பயோமைனிங் என்கிறார்கள். பழைய குப்பையைத் தோண்டிக் கிளறி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, வரிசை வரிசையாகக் குவித்துப் புரட்டி, ஈரம் வற்றியதும் பெரிய உருளைச் சல்லடையில் போட்டுப் பிரிக்கிறார்கள். மண் ஒரு பக்கம், கல்லும் கட்டட இடிபாடும் ஒரு பக்கம், பிளாஸ்டிக்கும் துணியும் ஒரு பக்கம் விழும். எரியக்கூடியது சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாகப் போகும். இப்படிக் குப்பை மலைகளை அகற்றி நிலத்தை மீட்பது 2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா நகர்ப்புற இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் நாடு முழுவதற்கும் வைத்த இலக்கு. நல்ல வேலை. வரவேற்கிறோம்.

நம் கேள்வி அதற்குப் பிறகு என்ன என்பதுதான். குப்பை போன பின் வெறும் நிலம் நிற்கும். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், நகரத்துக்கு அருகில் இருக்கும் நிலத்தின் விலை எல்லோருக்கும் தெரியும். நாற்றம் இருந்தவரை அது நம் ஊர் நிலம். நாற்றம் போன மறுநாள் அது யார் நிலம்? இதுவரை குப்பையோடு வாழ்ந்த மக்களைக் கேட்டு முடிவெடுப்பார்களா?

கேட்பதற்கும் ஆள் வேண்டும். புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் வார்டு கவுன்சிலர் என்ற ஒருவரே நமக்கு இல்லாமல் போனார். 1891 ஊட்டித் தீர்மானத்தில் உள்ளாட்சியில் இடம் கேட்டார்கள் என்று மேலே சொன்னோம். இங்கே இடம் கேட்பதற்கு மன்றமே இல்லாத நிலை. குப்பைக் கிடங்கின் எதிர்காலம் கோப்புக்குள் முடிவாகிற வாய்ப்பே அதிகம். அதனால்தான் இப்போதே பேச வேண்டியிருக்கிறது.

நம் கோரிக்கை எளிமையானது. மீட்கப்படும் நிலத்தில் ஒரு பகுதியையாவது பொதுப் பூங்காவாக்க வேண்டும். சிம்ஸ் பூங்கா அளவுக்கு வேண்டாம், சின்னதாகவே இருக்கட்டும். வேம்பு, புங்கன், பூவரசு போன்ற நிழல் மரங்கள் இருக்கட்டும். நடுவில் சோதித்துச் சரிபார்த்த மண்ணால் ஒரு மேடு எழுப்பி, படி வைத்து, மேலே நாலு பேர் உட்கார இடம் செய்யட்டும். பெரியம்மா போன்றவர்கள் ஏறி நின்று, மேற்கே ஊசுட்டேரித் திசையையும் கிழக்கே கடற்கரைத் திசையையும் நிமிர்ந்து பார்க்கட்டும்.

இது நடக்காத கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. மும்பையில் மாஹிம் இயற்கைப் பூங்கா இருக்கிறது. மித்தி ஆற்றங்கரையில் 37 ஏக்கர். 1977 வரை அது நகரத்தின் குப்பைமேடு. மண் நிரப்பி, மரம் வைத்து, 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் போன நம் ஆதிதிராவிட மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தாராவி. குப்பை மேட்டை அடுத்து வாழ்ந்தவர்களுக்கு வாசலிலேயே ஒரு காடு கிடைத்தது. பின்னாளில் தாராவி மறுசீரமைப்பில் அந்தப் பூங்காவும் சேர்ந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கிடைத்ததைக் காப்பதற்கும் விழிப்பு வேண்டும் என்பது அதில் உள்ள பாடம்.

நியூயார்க் நகரிலும் ஃப்ரெஷ் கில்ஸ் என்ற பெருங்குப்பைமேடு 1948 முதல் 2001 வரை இயங்கியது. 2,200 ஏக்கர். அதையும் பூங்காவாக்கி வருகிறார்கள். முதல் பெரும் பகுதி 2023இல் திறக்கப்பட்டது. மூடிய நாளிலிருந்து 22 ஆண்டுகள். அவசரப்படக் கூடாது என்பதற்கும் அதுவே சாட்சி.

"பூங்கா ஒரு கேடா?"

இதைப் பேசினால் நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள்: "மனைப்பட்டா இல்லை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, பிள்ளைக்கு வேலை இல்லை. இதில் பூங்கா ஒரு கேடா? அந்த நிலத்தில் வீடு கட்டித் தரச் சொல்லுங்கள்."

நியாயமான கேள்விதான். முதலில் வீட்டு விஷயம். பழைய குப்பை நிலத்தில் வீடு கட்டுவது ஆபத்து. குப்பை மட்கும்போது உண்டாகும் மீத்தேன் மண்ணுக்குள் தேங்கும். தரை சமமில்லாமல் இறங்கும். குப்பைமேட்டை மூடினால் 15 ஆண்டு கண்காணித்து, வாயுவும் கசிவுநீரும் மண்ணின் உறுதியும் சரியாக இருந்தால்தான் குடியிருப்பு பற்றி யோசிக்கலாம் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. குப்பையைத் தோண்டி எடுத்துவிட்டாலும் அடியில் ஊறிய மண்ணைச் சோதிக்காமல் எதுவும் செய்யக் கூடாது. மனைப்பட்டா நமக்கு நல்ல நிலத்தில் வேண்டும். யாருக்கும் வேண்டாத நிலத்தைத் தேடி நமக்கு மனை பிரித்துக் கொடுக்கும் வழக்கம் போதும். சுடுகாட்டு ஓரம், ஏரிக்கரைப் பள்ளம், இப்போது குப்பைமேடு என்று அந்த வரிசை நீளக் கூடாது.

இரண்டாவது, ஓய்வு என்பது வசதி படைத்தவரின் உரிமை மட்டுமல்ல. தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வருகிற பெண், எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, பத்துக்குப் பத்து வாடகை வீட்டுக்குள் போகிறார். பிள்ளைகள் லாரி போகும் ரோட்டில் பந்து விளையாடுகிறார்கள். முதியவர்கள் கடைத் திண்ணையில் உட்கார்ந்தால் கடைக்காரர் முகம் சுளிக்கிறார். கடற்கரைச் சாலைக்குப் போய்வர பஸ் காசும் நேரமும் வேண்டும். வசதி உள்ளவருக்கு மொட்டைமாடி உண்டு, தோட்டம் உண்டு, கார் உண்டு. பொதுப் பூங்கா யாருக்கு அதிகம் தேவை?

ஆனால் பூங்கா என்ற பெயரில் நடக்கக் கூடாதவையும் உண்டு. அவற்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

ஒன்று, மண், நிலத்தடி நீர், வாயு ஆகியவற்றின் சோதனை முடிவுகளைத் தமிழில் அச்சிட்டுக் கிடங்கின் வாசலிலும் ரேஷன் கடைகளிலும் ஒட்ட வேண்டும். முடிவு சரியாக வரும்வரை குழந்தைகளை அங்கே விடக் கூடாது.

இரண்டு, இதற்குச் சிறப்புக்கூறு நிதியில் கை வைக்கக் கூடாது. பட்டியல் சாதி மக்களின் கல்விக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் என ஒதுக்கும் பணம் அது. பூங்காவில் நம் மக்களும் நடப்பார்கள் என்று கணக்குக் காட்டி அதை எடுக்க விடக் கூடாது. நகரம் முழுவதும் கொட்டிய குப்பையைச் சரிசெய்யும் செலவை நகரம் முழுவதும்தான் ஏற்க வேண்டும்.

மூன்று, கிடங்கை நம்பிப் பிழைத்தவர்களைக் கணக்கெடுத்து அடையாள அட்டை தர வேண்டும். தரம் பிரிக்கும் நிலையத்திலும் பூங்கா பராமரிப்பிலும் அவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். அதுவும் ஒப்பந்தக் கூலியாக இல்லாமல் நிரந்தர வேலையாக. ஆனால் அவர்கள் பிள்ளைகளையும் அதே துடைப்பத்தோடு கட்டிப்போடக் கூடாது. படிப்பும் தொழிற்பயிற்சியும் பிள்ளைகளுக்குத் தனியே வேண்டும்.

நான்கு, அழகுபடுத்துகிறோம் என்று சொல்லிச் சுற்றியுள்ள குடிசைகளை அகற்றக் கூடாது.

ஐந்து, நுழைவுக் கட்டணம் கூடாது. ஷிப்டு முடிந்து வருகிறவருக்கும் திறந்திருக்க வேண்டும். பெண்களுக்குத் தண்ணீரோடு கூடிய கழிப்பறையும் போதிய விளக்கும் வேண்டும்.

ஆறு, இங்கிருந்து எடுத்த குப்பையை இன்னொரு சேரியின் ஓரத்தில் கொண்டுபோய்க் குவிக்கக் கூடாது. நம் ஊரில் பூங்கா, வேறொரு காலனியில் குப்பை மலை என்றால் அது நமக்கு வெற்றி ஆகாது. வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்தால்தான் மலை மறுபடி எழாது. அந்த வேலை வெள்ளை நகரத்து ஓட்டல்களிலும் தொடங்க வேண்டும், நம் வீட்டு வாசலிலும் தொடங்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை எழுதி, தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கி, உள்ளாட்சித் துறைக்கும் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுப்போம். இளைஞர் மன்றங்களும் மகளிர் குழுக்களும் ஏப்ரல் 14 அன்று அண்ணல் சிலைக்கு மாலை போடும் கையோடு இதையும் ஒரு தீர்மானமாகப் போடலாம். நிலம் யாருக்கும் ஒதுக்கப்படும் முன் கேட்டால்தான் கேட்டதற்கு அர்த்தம் உண்டு.

அடுத்த கோடைக்கும் நம் தெருவில் வேன் கிளம்பும், ஊட்டி பார்க்கப் போவோம். அதை யாரும் நிறுத்த வேண்டாம். ஆனால் பெரியம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. அடுத்த முறை வேனில் அவ்வளவு தூரம் வர முடியாது என்கிறார். அவர் நடந்தே போய் ஏறி உட்கார ஒரு மேடு இங்கேயே வேண்டும்.